மதில் தாண்டும் பூனைகள்

பொந்தியானைப் போன்ற சிறு நகரங்களின் வீடமைப்புப் பகுதிகளில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து ஓடும். அச்சந்தையும் வீட்டின் கொல்லைப்புறத்தையும் பிரிப்பது பெரும்பாலும் ஓர் ஆள் உயர மதில்தான். மனிதரைத் தடுக்கும் அம்மதில் பூனைக்கு நடைபாதையாகி விடுகிறது. நள்ளிரவில் பூனையொன்று அதன்மேல் நடந்து வருகிறது. கொல்லையில் இருக்கும் நாய் குரைக்கத் தொடங்க, தெருவே விழித்துக்கொள்கிறது. மறுநாள் எழும் புகார் நாய் வளர்ப்பவர்மீதுதான். அந்தப் பூனை எந்த வீட்டைச் சேர்ந்தது என்று கேட்பார் இல்லை. சில வேளைகளில் கதை குரைப்போடு முடிவதில்லை. உள்ளே குதித்த பூனை தப்பிக்க வழியின்றி நாயின் வாயில் சிக்கிவிடுகிறது. அதன் பிறகு இரு வீட்டாரும் ஆண்டுக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதில் நியாயம் யார் பக்கம்? நாயைத் தம் வேலிக்குள் வைத்திருப்பவர் தம் கடமையில் பெரும்பகுதியைச் செய்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். நம் நாட்டில் நாய் வளர்க்க ஊராட்சி மன்றத்திடம் உரிமம் பெற வேண்டும். தெருவில் திரியும் நாயை மன்ற ஊழியர்கள் பிடித்துச் செல்வார்கள். பூனைக்குப் பெரும்பாலான இடங்களில் இத்தகைய கட்டுப்பாடு ஏதுமில்லை. இது புதிய சலுகையும் அன்று. இங்கிலாந்தில் ஒருவர் வளர்த்த பூனை பக்கத்து வீட்டுப் புறாக்களையும் கோழிகளையும் கொன்றுவிட, வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. பூனை தன் இயல்புப்படி திரிந்து செய்த செயலுக்கு உரிமையாளர் பொறுப்பல்லர் என்று 1926ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. அன்று நாய்க்கும் ஏறக்குறைய அதே நிலைதான். பின்னர் நாய்க்கு மட்டும் விதிகள் பெருகின. பூனை பழைய சுதந்திரத்தோடே இருந்துவிட்டது.

பூனைமீது பலருக்கும் பரிவு உண்டு. முஸ்லிம் அண்டை வீட்டார் பூனையை வீட்டுப் பிள்ளைபோல் போற்றுவர். நாயின் எச்சில் மேலே பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களின் சமய முறை. தமிழர், சீனர் வீடுகளிலோ நாய் காவலுக்கும் துணைக்கும் வளர்கிறது. எனவே, கொல்லைப்புறத்தில் நடக்கும் ஒரு சிறு சண்டை விலங்குகளின் சண்டையாக மட்டும் நின்றுவிடாது. பேச்சு எளிதில் தடம் மாறி, ‘உங்கள் ஆட்கள்’, ‘எங்கள் ஆட்கள்’ என்ற இடத்திற்குப் போய்விடும். இந்தச் சிக்கலைச் சிறியது என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

பூனைமீது காட்டும் அன்பில் ஒரு குறை இருக்கிறது. வாசலில் ஒரு தட்டுச் சோற்றையும் மீன் தலையையும் வைப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பெண் பூனை பிறந்து ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே கருவுறக்கூடும். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். ஓராண்டில் இரண்டு மூன்று முறைகூட ஈனலாம். சோறு மட்டும் கிடைத்து, கருத்தடை செய்யப்படாமல் இருந்தால் ஒரு பூனை சில ஆண்டுகளில் ஒரு கூட்டமாகிறது. அவற்றில் எத்தனையோ குட்டிகள் சாலையில் நசுங்கியும் நோயுற்றும் மடிகின்றன. ஆண் பூனைக்கும் கருத்தடை தேவை. அதன்பின் அது துணை தேடி அலைவதும், மதிலில் சிறுநீரைப் பீய்ச்சி எல்லை வகுப்பதும், பிற பூனைகளோடு சண்டையிடுவதும் பெரிதும் குறையும். கழுத்தில் ஒரு பட்டையும் அதில் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தால், வழி தவறிய பூனை யாருடையது என்பது தெரிந்துவிடும்.

நாய் வளர்ப்பவரும் செய்ய வேண்டியவை உண்டு. பூனை ஏன் அந்தக் கொல்லைக்கே வருகிறது என்று பார்த்தால், பாதி வேளைகளில் இரவு முழுவதும் வெளியே கிடக்கும் நாயின் உணவுக் கிண்ணமே காரணமாக இருக்கும். நெகிழிப் பையில் கட்டிக் கதவோரம் வைத்த மீன் கழிவு இன்னொரு காரணம். கடற்கரை ஊரில் அதற்குப் பஞ்சமா? மதிலோரம் தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாக அடுக்குவோரும் உளர். பூனை அதன் அருகிலேயே சுகமாகப் படுத்துறங்கும். பாச்சை உருண்டைகளைத் தூவுவது அதனினும் மோசம். அவை பூனைக்கு மட்டுமன்றி நாய்க்கும் குழந்தைகளுக்கும் நஞ்சாகும். மதிலின் உச்சியில் வெளிப்பக்கமாகச் சாய்த்துக் கட்டிய கம்பிவலை இவற்றைவிட உருப்படியான வழி. இரவில் நாயை வீட்டினுள் படுக்க வைத்தால் குரைப்பும் குறையும்.

‘பூனை வந்தால் என் நாய் பார்த்துக்கொள்ளும்’ என்று பெருமை பேசுவது முறையன்று. தெரிந்தே நாயை ஏவிவிடுவது கொடுமைதான். நஞ்சு வைப்பது குற்றம். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்கீழ் விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இரு தரப்பும் மறக்கும் மற்றொன்று தடுப்பூசி. 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவத் தொடங்கி உயிர்களைப் பறித்தது. பெயரில் நாய் இருந்தாலும் அந்நோய் பூனைகளுக்கும் தொற்றும்.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். சிங்கப்பூரின் அடுக்குமாடி அரசாங்க வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. தடையை மீறிப் பலர் வளர்த்தே வந்தனர். 2024 செப்டம்பர் 1ஆம் நாள் அத்தடை நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வளர்க்கலாம். ஆனால், உரிமம் பெற வேண்டும். அடையாள மின்சில்லு பொருத்த வேண்டும். பூனையை விரும்புவோரின் உரிமையும் அயலாரின் அமைதியும் ஒரே விதியில் இடம்பெற்றன. அவ்விதியை அப்படியே இங்கே பெயர்க்க முடியாது. சிங்கப்பூரின் அடுக்குமாடி வேறு, பொந்தியானின் தரை வீடு வேறு. எனினும், நாய்க்கு உரிமம் வழங்கும் ஊராட்சி மன்றம் பூனைக்கும் எளிய கட்டணத்தில் ஒரு பதிவேடு தொடங்குவதில் தவறில்லை. கருத்தடை செய்த பூனைக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் மக்கள் தாமே முன்வருவர்.

அதற்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ருக்குன் தெத்தாங்கா ஒவ்வொரு வட்டாரத்திலும் எதற்காக இருக்கிறது? துப்புரவுப் பணிக்கு மக்களைக் கூட்டும் அதே குழு, சந்தில் திரியும் பூனைகளை எண்ணி, ஒரு கால்நடை மருத்துவரை ஒருநாள் அழைத்து வரலாம். பூனைக்குச் சோறு வைப்பவரும் நாய் வளர்ப்பவரும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். நாய் வளர்ப்பவருக்கு இதில் என்ன என்று கேட்டால், குட்டிகள் குறைந்தால் முதலில் அமைதி பெறப்போவது அவர் வீட்டுக் கொல்லைதான்.