கைப்பேசியா? கடற்பெட்டியா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

"மக்களே, வானத்துச் செயற்கைக்கோளோடு நேரே பேசுகிற ஃபோன் வந்துவிட்டதாமே? அதில் ஒன்று வாங்கினால் கடலுக்குப் போதாதா? நீ படிக்கிறவன், சொல்லு."

சென்ற கோடை விடுமுறையில் என் தாய்மாமா கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மாத்திரைச் சீட்டு முதல் வங்கிக் கடிதம் வரை எல்லாம் என்னிடமே வரும். பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்து விடுவேன். இந்தக் கேள்வியை அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் உள்ளது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று வரிசையாக வரும் ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். 2017 நவம்பர் 30ஆம் நாள் குமரிமுனைக்கு அருகே ஒக்கி புயல் உருவானபோது அவர்களில் பலர் கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. கடலில் இருந்தவர்களுக்கு அதை யார் சொல்வது? மாமாவின் படகு போய் ஆறு நாள் ஆகியிருந்தது. அப்பா காய்ச்சல் காரணமாக அந்த முறை போகவில்லை. எட்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மா அடுப்பு மூட்டாமல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒன்பதாம் நாள், இலட்சத்தீவில் கரை ஒதுங்கியதாக யாரோ ஒருவரின் தொலைபேசியிலிருந்து மாமா பேசினார். எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்கு அப்படி ஒரு அழைப்பு வரவேயில்லை. அடுத்த ஆண்டு அப்பா கடல்தொழிலை விட்டுவிட்டு, அபிராமபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவலாளியாக வந்து சேர்ந்தார்.

அந்த எட்டு நாள் மௌனத்துக்குக் காரணம் என்ன? வயர்லெஸ் இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் பூமி உருண்டை என்பதை வயர்லெஸ் ஒருபோதும் மறப்பதில்லை. கொம்பின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அதன் அலை எத்தனை கிலோமீட்டர் வரை நேர்க்கோட்டில் போகும் என்பது தோராயமாகக் கிடைக்கும். படகின் கொம்பு 9 மீட்டர் என்றால் 12 கிலோமீட்டர். கரையில் 100 மீட்டர் கோபுரமே இருந்தாலும் அதன் பங்கு 41. இரண்டையும் கூட்டினால் 53. எங்கள் ஆட்களோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார்கள்! வானிலிருந்து பார்க்கும் கண் ஒன்றுதான் அங்கே உதவும்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். 2022 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐஃபோன் 14 வழியாக, கோபுரம் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் மூலம் அபயச் செய்தி அனுப்பும் வசதியை அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. குளோபல்ஸ்டார் என்ற நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி இதைச் செய்கின்றன. பிறகு மற்ற நிறுவனங்களும் வந்தன. சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு கருவி அவ்வளவு உயரத்துக்குச் செய்தி அனுப்புவதை இயற்பியல் மாணவன் வியக்காமல் இருக்க முடியாது. நானும் வியக்கிறேன்.

ஆனால் அந்தக் கைப்பேசியின் ஆண்டெனா சில கிலோமீட்டர் தூரத்துக் கோபுரத்துக்காகப் பிறந்த சின்ன ஆண்டெனா. திறந்த வானத்தின் கீழ் நின்று, திரை காட்டும் திசையில் கைப்பேசியைத் திருப்பிப் பிடித்து, செய்தி போகும் வரை காத்திருக்க வேண்டும். அலை படகைத் தூக்கி எறியும்போது எந்தத் திசையில் பிடிப்பது? ஈர விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது என்பதை மீன் கழுவிய கையால் ஃபோன் எடுத்த எவரும் அறிவர். இருபது நாள் தங்கலில் பாட்டும் படமும் பார்த்துத் தீர்ந்த சார்ஜ் புயல் நாளில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது வேறு கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, இதை எழுதும் வரை அந்த ஐஃபோன் சேவை கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. மாமா கடன் வாங்கி அதை வாங்கினாலும் கடலில் அது வெறும் டார்ச் விளக்குத்தான்.

மறுபக்கம் நம் இஸ்ரோ என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள். 2010 முதலே 'டாட்' என்னும் அபாய அறிவிப்புக் கருவி மீனவர்களுக்கு உண்டு. பொத்தானை அழுத்தினால் செய்தி செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருக்குப் போகும். அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். அதன் குறை ஒன்றே. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவனுக்குத் தெரியாது. நடுக்கடலில் நின்று பொத்தானை அழுத்திவிட்டு, யாராவது கேட்டார்களா இல்லையா என்று தெரியாமல் இருப்பவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்! கரையில் அம்மா இருந்த நிலையும் அதுவேதான். 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கருவியில் இந்தக் குறை நீங்கியது. உங்கள் குரல் கேட்டது என்ற பதில் கடலுக்குத் திரும்பி வருகிறது. புயல் எச்சரிக்கையும் அதே வழியில் வரும். அதைப் புளூடூத் மூலம் சாதாரணக் கைப்பேசியோடு இணைத்துத் தாய்மொழியிலேயே படிக்கலாம். 2024 ஆகஸ்டில், கடலோர மாநிலங்களின் ஒரு இலட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்தி பேசும் டிரான்ஸ்பாண்டர்களை இலவசமாகப் பொருத்தும் திட்டமும் தொடங்கப்பட்டது.

படகு கவிழ்ந்தால் பெட்டியும் மூழ்குமே என்று என் வகுப்புத் தோழன் மடக்கினான். நியாயமான கேள்விதான். பெரிய கப்பல்களில் இருப்பது போல, நீரில் விழுந்ததும் தானே விடுபட்டு மிதந்து 406 மெகாஹெர்ட்ஸில் கூவும் கருவி ஒவ்வொரு ஆழ்கடல் படகிலும் இருக்க வேண்டும் என்பதே என் பதில். விலையைக் கேட்டால் நம் ஆட்களுக்கு மயக்கம் வரும் என்பதையும் மறைக்கவில்லை.

கைப்பேசியை நான் வெறுப்பதாக யாரும் எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் குடியிருப்பில் மின்சாரம் போயிற்று. சிறிது நேரத்தில் சிக்னலும் போயிற்று. பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் மொட்டைமாடியில் ஏறிக் கைப்பேசியை வானுக்கு உயர்த்திப் பிடித்து நின்றார்கள், சாமிக்குத் தீபாராதனை காட்டுவது போல. அப்பா குடை பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். நகரத்தில் வெள்ளத்துக்கென்று தனிக் கருவி வாங்கி வைப்பவர் யார்? அன்று கையில் எது இருக்கிறதோ அதுதான் உதவ வேண்டும். 2024இல் பி.எஸ்.என்.எல். வயாசாட் நிறுவனத்தோடு சேர்ந்து, 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியே கைப்பேசியில் செய்தி அனுப்பிச் சோதித்தது. அத்தகைய சேவை அபிராமபுரத்துக்கு வரட்டும். நானே முதலில் வரவேற்பேன்.

மலையேறுபவர்களின் கதை வேறு. எங்கள் குடியிருப்பில் ஒரு அண்ணன் இமயமலைக்குப் போகிறவர். அமெரிக்காவில் வாங்கிய கையடக்கச் செயற்கைக்கோள் கருவியை அங்கேயே நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். முன்அனுமதி இல்லாமல் அதை இங்கே வைத்திருப்பது குற்றம். அப்படிக் கொண்டுவந்த வெளிநாட்டினர் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்தியதை எண்ணினால் அரசின் அச்சம் புரிகிறது. ஆயினும் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவருக்கு, பதிவு செய்த ஒரு கருவியைக்கூடவா நம்பித் தரக்கூடாது? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கருவி இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன்; தீ செய்திக்குக் காத்திருப்பதில்லை. தேடிப் போகிறவர்களுக்கு இடம் தெரிவதாவது எளிதாகும்.

இவ்வளவையும் மாமாவுக்கு ஒரு மாலையில் சொன்னேன். வர்க்கமூலம் வந்த இடத்தில் கொட்டாவி விட்டார். பதில் திரும்பி வரும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தமிழிலா வரும், மக்களே?" என்று இருமுறை கேட்டார்.

சென்ற மாதம் அவர் படகில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தியிருக்கிறார்கள். புதுக் கைப்பேசிக்கு வைத்திருந்த பணத்தில் எஞ்சினைப் பழுது பார்த்தாராம். கண்ணாடி கீறிய பழைய கைப்பேசியையே நெகிழிப் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார்.