ஒரே சக்கரம், பத்துப் படிகள்

பழங்காசு சேர்ப்பவரிடம் எத்தனை வகைகள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதே நம் வழக்கம். வகைகளைப் பெருக்காமல், ஒரே வகைக் காசைத் தேய்வின் ஒவ்வொரு படிக்கும் ஒன்றாகச் சேர்த்து வரிசைப்படுத்தும் முறையும் ஒன்று உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இம்முறையே மிகப் பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. அதற்கு உகந்த காசும் பல வீடுகளில் பாட்டியின் பெட்டி அடியிலேயே கிடக்கக்கூடும். அது திருவிதாங்கூர்ச் சக்கரம்.

பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாயை மாற்றினால் 28 சக்கரமும் 8 காசும் கிடைக்கும். அந்த அரைச் சக்கர வேறுபாட்டை நாள்தோறும் மனக்கணக்காகவே தீர்த்த வணிகர்களை எண்ணும்போது, கணிப்பொறிமுன் அமர்ந்திருக்கும் எங்களுக்குச் சற்றே வெட்கம் உண்டாகிறது. பழைய வெள்ளிச் சக்கரம் மீன் செதில் அளவே இருந்தது. விரலால் எண்ண இயலாதென்பதால், வரிசை வரிசையாகக் குழியிட்ட மரப்பலகையின்மீது காசுகளைக் கொட்டிக் குலுக்குவார்கள். குழிக்கு ஒன்றாகக் காசுகள் தங்கிவிடும். மிஞ்சியவற்றை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. சக்கரப் பலகை எனப்பட்ட அதனை எங்கள் பணம் எண்ணும் பொறியின் மூதாதை எனலாம்.

நாங்கள் பரிந்துரைப்பது அந்த வெள்ளிச் சக்கரத்தை அன்று. அது அரிது, போலிகளும் உலவுகின்றன. கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா காலத்துச் செப்புச் சக்கரமே தொடக்கக்காரருக்கு ஏற்றது. ஒரு பக்கம் மன்னரின் உருவம், மறுபக்கம் அரசின் சின்னமாகிய சங்கு. பெருமளவில் அச்சிடப்பட்டதால் விலை எளியது. இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் காசு புழங்கிய நாளில் பாறசாலைக்கும் களியிக்காவிளைக்கும் நடுவே எல்லை என ஒன்று இருந்ததில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவினர்கள் இரு மாநிலத்தவர் ஆயினர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் சக்கரம் மட்டும் ஒரே சக்கரம்.

இனித் தேய்வின் படிகளைப் பார்ப்போம். வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செப்புச் சென்ட் காசுகளுக்காக 1949இல் ஓர் அளவுகோலை வகுத்தார். அடிப்படை நிலைக்கு 1, குறையே இல்லாத நிலைக்கு 70. முதல் நிலைக் காசு ஒரு டாலர் பெறுமானால் எழுபதாம் நிலைக் காசு எழுபது டாலர் பெறும் என்பது அவர் எண்ணம். சந்தை அந்தக் கணக்கை விரைவிலேயே பொய்யாக்கிவிட்டது. எண்கள் மட்டும் நிலைத்தன. இன்று உலகெங்கும் காசுகளைத் தரம் பிரிப்போர் அந்த எண்களையே ஆள்கிறார்கள். புவர் 1, ஃபேர் 2, அபவுட் குட் 3, குட் 4, வெரி குட் 8, ஃபைன் 12, வெரி ஃபைன் 20, எக்ஸ்ட்ரா ஃபைன் 40, அபவுட் அன்சர்குலேட்டட் 50, அறுபதுக்கு மேல் புழக்கத்திற்கே வராத காசு. இப்பெயர்களை நம்பி ஏமாந்துவிட வேண்டாம். ‘குட்’ என்று விற்கப்படும் காசு ஏறத்தாழ வழுக்கை. இன்ன காசு என்று அறிய முடிகிறது என்பதே அதன் நலம்!

பத்துக் காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் கை எப்படிக் காசைத் தின்கிறது என்பது விளங்கும். மேடான இடம் முதலில் மழுங்கும். மன்னர் உருவத்தில் நுண்கோடுகள் மறையும். பின்பு முகம் வெறும் நிழலாகும். விளிம்பு எழுத்துகளோடு கலக்கும். சங்கின் வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கடைசியில் புற வடிவம் மட்டும் எஞ்சும். மடிச்சீலையும் சுருக்குப்பையும் உப்புக் கையும் செய்த வேலை அது. தனிக் காசு ஒன்றைப் பார்த்து இதை உணர முடியாது.

இதில் ஒரு விந்தை உண்டு. உச்சப் படியைவிட அடிப்படியே சில வேளைகளில் கிடைப்பதற்கு அரிது. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. இந்தச் சக்கரத்தின் புழக்கம் சில ஆண்டுகளோடு முடிந்தது. அக்குறுகிய காலத்தில் முற்றிலும் தேய எத்தனை காசுகளுக்கு வாய்த்திருக்கும்? மண்ணில் அரித்ததும் சுத்தியலால் நசுங்கியதும் தேய்ந்த காசு ஆகா. அரைஞாணில் கோக்கத் துளையிட்டதும் ஆகாது. கைமாறிக் கைமாறியே மழுங்கிய நேர்மையான தேய்வு வேண்டும். அமெரிக்காவில் மிகவும் தேய்ந்த காசுகளையே தேடி, யாருடைய வரிசை தாழ்ந்தது என்று போட்டியிடும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். முதலில் கேட்டபோது எங்களுக்கும் சிரிப்பு வந்தது. வரிசையைக் கண்ட பின் சிரிக்கத் தோன்றவில்லை.

இந்தப் பொழுதுபோக்கிற்கு நம் வீடுகளில் ஒரு பெரும்பகை உண்டு, அது புளி. செம்பு கறுத்திருந்தால் புளியிட்டுத் துலக்குவது நம் கைப்பழக்கம். குத்துவிளக்குக்கு அது சரி. காசைத் துலக்கினால் பல ஆண்டுகளாகப் படிந்து மேற்பரப்பைக் காத்துவந்த பழுப்பு நிறம் போய், இயல்பற்ற பளபளப்பு வந்துவிடும். தரம் பிரிப்போர் அதற்கு எண் கொடுக்க மாட்டார்கள். செப்புக் காசுக்குப் பழுப்பு, செம்பழுப்பு, சிவப்பு என நிறத்தையும் தனியே குறிப்பது வழக்கம். பச்சையாகப் பொரிந்து வரும் களிம்பு வேறு. அது செம்பை அரிக்கும். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொன்னது பொருத்தமே. அதற்கும் புளி மருந்தன்று. காசைப் பிரித்து வைத்து ஈரம் படாமல் காக்க வேண்டும், பி.வி.சி. உறைகளை அறவே விலக்க வேண்டும், அவையே நாளடைவில் பச்சைப் பிசினைக் கக்கும்.

எங்களுக்கு மெய்யாகவே கவலை தருவது வேறொன்று. பழங்காசு இருந்தால் இலட்சங்கள் தருகிறோம் என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளை நம்பிச் சிலர் கிளைக்கு வருகிறார்கள். வாங்குபவர் முதலில் வரி, கமிஷன், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டிருப்பார். அனுப்பிய பணம் திரும்புவது அரிது. தன் பெயரைச் சொல்லி இத்தகைய மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழங்காசு வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை, எவரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று தெளிவாகக் கூறியது. பத்துப் படிகளையும் ஒருமுறை கண்ணால் கண்டவர் இந்த வலையில் எளிதில் விழமாட்டார். தம் கையில் இருப்பது எட்டா நாற்பதா என்று அவருக்கே தெரியும். எட்டாம் படிச் சக்கரத்துக்கு எவரும் இலட்சம் தரமாட்டார் என்பதும் தெரியும்.

தேய்ந்த காசுக்குப் பணம் செலவிடுவது வீண் என்பவர்களும் உண்டு. விற்றால் போட்ட முதல் வராது என்பது உண்மைதான். முதலீடு வேண்டுவோர் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். கணக்குப் பதிவியலில் தேய்மானம் நட்டத்தின் பக்கம் எழுதப்படுவது. 1999இல் வந்த தூய நோட்டுக் கொள்கைக்குப்பின் நைந்த நோட்டைப் பிரித்தெடுத்துப் புழக்கத்திலிருந்து விலக்குவது எங்கள் அன்றாடப் பணி. தேய்வைக் குறையாகவே காணப் பழகிய கண்கள் எங்களுடையவை. அதனாலேயே, தேய்வைப் பொருளாகக் கொள்ளும் இந்தப் பழக்கம் வளரும் பிள்ளைகளுக்குத் தேவை என்கிறோம். உறைக்குள் அடைத்து எண் ஒட்டி வரும் ஒற்றைக் காசுக்குக் கொடுக்கும் விலையில் இவ்வரிசையின் பெரும்பகுதியைச் சேர்த்துவிடலாம்.

சட்டத்தையும் நினைவில் கொள்க. நூறு ஆண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வளைகுடாவில் இருக்கும் மகனுக்குப் பரிசாகக் கொடுத்தனுப்ப இயலாது. பாலராம வர்மா சக்கரம் அந்த வயதை இன்னும் எட்டவில்லை. தோட்டம் வெட்டும்போது பானை தட்டுப்பட்டால் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டும்; கேரளத்தில் அதற்கெனப் புதையல் சட்டம் 1968 முதல் உள்ளது.

வரிசையைத் தொடங்குவோர் ஒவ்வொரு காசின் உறையிலும் படியின் எண்ணோடு, எந்த வீட்டிலிருந்து, யார் வழியாக வந்தது என்பதையும் எழுதி வையுங்கள். காசில் கொல்லம் ஆண்டு இருந்தால் அதையும் குறியுங்கள். 1114 என்றால் 1938-39. பாறசாலைச் சித்தி வீட்டுக் காசும் களியிக்காவிளை மாமா வீட்டுக் காசும் பன்னிரண்டாம் படியில் அருகருகே அமரும்.