பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்தப் பாட்டு நாடகம்?

திருவண்ணாமலைப் பக்கத்து நடுநிலைப் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்குப் பாட்டு நாடகம் தேடும் உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை. இராகம் நன்றாயிருக்கின்றதா என்று மாத்திரம் பார்த்தால் போதாது. வசனத்தைப் பிள்ளை மறந்து போகும், பாட்டை மறக்காது. பாட்டோடு உள்ளே போகும் கருத்து என்ன என்பதே நமது கேள்வி.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையையே எடுத்துக் கொள்வோம். பாட்டுக்கள் அருமையானவை என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. பெரிய புராணத்தில் இல்லாத பண்ணைக்கார வேதியரைச் சேர்த்து, பண்ணையாளின் கஷ்டத்தையும் பாரதியார் காட்டினார். ஆனால் முடிவு என்ன? நந்தன் நெருப்பில் இறங்கி எழுந்த பிறகுதான் தில்லைக் கோவிலுக்குள் போக முடிகின்றது. அடைத்த கதவின் மேல் குற்றமில்லையாம்; நந்தன் உடம்பின் மேல்தான் குற்றமாம்!

பழங்கதைதானே என்பீர்களோ? ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-லேயே வந்தும், இதே மாவட்டத்துத் தென்முடியனூர் ஆதிதிராவிடர்கள் முத்துமாரியம்மன் கோவிலுக்குள் போனது 2023 ஜனவரி 30-ந் தேதிதான். அதுவும் போலீஸ் காவலோடு! அவர்கள் எந்த நெருப்பிலும் இறங்கவில்லை. உரிமையோடு நடந்து போனார்கள்.

அப்படிப்பட்ட ஊர்ப் பிள்ளை ஒருவன் நந்தன் வேஷம் போட்டு, தன் பிறப்பே அழுக்கென்று பாடிக் கைதட்டல் வாங்குவது மானமுள்ள காரியமாகுமா?

ஆகவே தோழர்களே, ஒத்திகைக்கு முன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, “வெட்கப்பட வேண்டியவர் யார்?” என்று கேளுங்கள். கதவடைத்தவன் வெட்கப்படும்படி முடிகின்ற நாடகம் கிடைத்தால், இராகம் சுமாராயிருந்தாலும் அதையே நடத்துங்கள்.