தோற்கும் உரிமை

கால்பந்து என்றதும் நமது நேயர்களுக்குக் காலும் பந்தும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அமெரிக்காவில் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் முற்றிலும் வேறு. அங்கே பந்து முட்டை வடிவமானது. அதைக் காலால் உதைப்பது எப்போதோ ஒரு முறைதான். கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், தூர எறிந்து பிடிப்பதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. பின் ஏன் அதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்தார்கள் என நம்மைக் கேட்க வேண்டாம். பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தம் பார்க்கத் தொடங்கினால் நம் ஊரிலேயே அநேகம் பேருக்குப் பெயர் மாற்ற வேண்டி வரும்!

அந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பத்துக் கஜமாவது பந்தை முன்னே கொண்டு போக வேண்டும். தவறினால் பந்து எதிர்க்கட்சியிடம் போய்விடும். எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்துவிட்டால் அதற்கு டச்டவுன் என்று பெயர்; 6 புள்ளி கிடைக்கும். பதினொருவருக்கும் நடுநாயகமாக நிற்பவர் குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாரிடம் கொடுப்பது, எந்தத் திக்கில் எறிவது என்பதையெல்லாம் மூன்று நான்கு விநாடிக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும். அதற்குள் ஆஜானுபாகுவான நாலைந்து பேர் அவரைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள். கையில் பலமும் வேண்டும். தலையில் நிதானமும் வேண்டும். சேனைக்குச் சேனாபதி எப்படியோ, அணிக்கு அவர் அப்படி.

இந்தச் சேனாபதி உத்தியோகத்தைப் பற்றி அமெரிக்காவில் நெடுங்காலம் ஓர் எழுதாத சட்டம் இருந்து வந்தது. 1934 முதல் 1945 வரையில் தேசியக் கால்பந்து லீக்கில் கறுப்பர் ஒருவருக்குமே இடமில்லை. 1946-இல் கதவு திறந்தது. ஓடலாம், பந்தைப் பிடிக்கலாம், எதிரியை மடக்கலாம். குவார்ட்டர்பேக்காக மட்டும் வரக்கூடாது! கல்லூரியில் அந்த ஸ்தானத்தில் ஆடிய கறுப்பு இளைஞர்களைக்கூட வேறு ஸ்தானத்துக்கு மாற்றிவிடுவார்கள். கறுப்பருக்குக் காலும் கையும் உண்டு, தலைமை வகிக்கும் மூளை கிடையாது என்பது அவர்கள் கட்சி. ஆளத் தெரியாதவர்கள் என்ற நற்சாட்சிப் பத்திரத்தை அந்நியர் கையிலிருந்து வாங்கிய அனுபவம் நமக்கும் உண்டாகையால், இந்த வாதத்தின் சுவை நமக்குப் புதிதன்று.

1968-இல் மார்லின் பிரிஸ்கோ என்பவர் டென்வர் அணியில் குவார்ட்டர்பேக்காக ஆடினார். முதல் வருஷத்திலேயே எறிந்து எறிந்து 14 டச்டவுன்கள் சேர்த்தார். பரிசு என்ன தெரியுமா? மறு வருஷம் அந்த ஸ்தானம் அவருக்கு இல்லை. பபலோ அணிக்குப் போய், பிறர் எறியும் பந்தைப் பிடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

இப்படிப்பட்ட காலத்தில்தான் நமது கதாநாயகர் டக் வில்லியம்ஸ் தலையெடுத்தார். 1955-இல் லூசியானா மாகாணத்து ஸக்கரி என்னும் சிற்றூரில் பிறந்தவர். அம்மாகாணத்திலேயே, கறுப்பு மாணவர்களுக்கென ஏற்பட்ட கிராம்ப்ளிங் கல்லூரியில் படித்தார். அங்கே எட்டி ராபின்ஸன் என்ற மகா பயிற்சியாளர் இருந்தார். 1941-இல் பொறுப்பேற்று 1997 வரையில் அந்த ஒரே கல்லூரியில் இருந்து 408 வெற்றிகள் கண்டவர் அவர். அவருடைய மாணவரான ஜேம்ஸ் ஹாரிஸ் 1969-இல் பபலோ அணியின் குவார்ட்டர்பேக் ஆனார். அடுத்தவர் வில்லியம்ஸ். 1977-இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் ஹைஸ்மன் பரிசு வாக்கெடுப்பில் இவர் நான்காவதாக வந்தார்.

1978-இல் டாம்பா பே அணி இவரை முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. அந்த அணியின் பெருமையைச் சொல்ல வேண்டுமானால், தோன்றியது முதல் தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்ற அணி அது. வில்லியம்ஸ் வந்த இரண்டாம் வருஷமே, 1979-இல், இறுதிப் போட்டிக்கு ஒரே ஒரு படி கீழே வரையில் அது ஏறிற்று. ஐந்து வருஷத்தில் மூன்று தடவை முடிவுச் சுற்றுகளுக்குச் சென்றது. ஆயினும் 1982-இல் அவருக்குச் சம்பளம் 1,20,000 டாலர்தான். மற்ற அணிகளில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர் பலருக்கு அதைவிட அதிகம்! அவர் 6 லட்சம் கேட்டார். உரிமையாளர் 4 லட்சத்துக்குமேல் இறங்கி வரவில்லை. வில்லியம்ஸ் விலகினார். மறு வருஷம் டாம்பா பே ஆடிய 16 ஆட்டங்களில் வென்றது இரண்டே. அதன்பின் அந்த அணி முடிவுச் சுற்றை மறுபடி கண்ணால் கண்டது 1997-இல்தான்.

சம்பளத் தகராறு நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில், 1983 ஏப்ரலில், அவருடைய இளம் மனைவி மூளையில் கட்டி கண்டு இறந்துபோனாள். கையில் மூன்று மாதத்துப் பெண் குழந்தை. உத்தியோகமும் இல்லை, உடையவளும் இல்லை. அந்த நாட்களை அவர் எவ்வாறு கழித்தார் என்பதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. குடும்பஸ்தர்களான நேயர்கள் தாமே உணர்ந்துகொள்வார்கள்.

பின்னர் ஒரு புதிய லீக்கில் இரண்டு வருஷம் ஆடினார். அந்த லீக்கும் நொடித்துப்போயிற்று. 1986-இல் வாஷிங்டன் அணியின் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் அவரை அழைத்தார். டாம்பா பேயில் முன்பு உதவிப் பயிற்சியாளராக இருந்து இவருடைய தரம் அறிந்தவர் கிப்ஸ். ஆனால் கொடுத்த வேலை என்னவோ மாற்று ஆட்டக்காரர் வேலைதான். அந்தப் பருவம் முழுவதிலும் வில்லியம்ஸ் ஒரே ஒரு முறை பந்தை எறிந்தார்; அதுவும் கைசேரவில்லை. 1987-இல் அவர் ஆரம்பத்திலிருந்து ஆடிய ஆட்டங்கள் இரண்டு, இரண்டிலும் தோல்வி. ஆயினும் இடையில் புகுந்து அணியைக் கரையேற்றினார். கடைசி ஆட்டத்தில் மினசோட்டாவை 27-24 என்று மடக்கிய பிறகு, முடிவுச் சுற்றுகளுக்கு இவரே சேனாபதி என்று கிப்ஸ் தீர்மானித்தார்.

1988 ஜனவரி 31. ஸான் டியாகோ நகரில் சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டி. அதில் ஆரம்பம் முதல் ஆட வந்த முதல் கறுப்பு குவார்ட்டர்பேக் இவர்தான். அந்த வாரம் முழுவதும் பத்திரிகைக்காரர்கள் அவரிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதைவிட நிறத்தைப் பற்றிக் கேட்டதே அதிகம். போதாததற்கு, முதல் நாள் பல்லின் வேரைக் குடைந்து சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. மறுநாள் எதிரே நின்றவர் டென்வர் அணியின் புகழ் பெற்ற ஜான் எல்வே.

ஆட்டம் தொடங்கிற்று. எல்வே எறிந்த முதல் பந்தே டச்டவுன். சற்று நேரத்தில் டென்வர் 10, வாஷிங்டன் 0. முதற்கால் பகுதி முடியும் தறுவாயில் வில்லியம்ஸ் வழுக்கி விழுந்தார். முழங்கால் முறுக்கிக்கொண்டது. அவர் ஆட்டத்தைவிட்டு வெளியே சென்றபோது, மூளை இல்லை என்று சொல்லி வந்தவர்கள் மனத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இரண்டாங்கால் பகுதியில் அவர் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். கைக்கு வந்த பந்தை ரிக்கி ஸாண்டர்ஸுக்கு எறிந்தார்; 80 கஜம், டச்டவுன். அடுத்தது 27 கஜத்தில். அதற்குப்பின் டிம்மி ஸ்மித் பந்தை வாங்கிக்கொண்டு 58 கஜம் ஓடினார். மீண்டும் ஓர் எறி 50 கஜம். மீண்டும் ஒன்று 8 கஜம். அந்த 15 நிமிஷ ஆட்டத்தில் வாஷிங்டன் எடுத்தது 35 புள்ளி. ஐந்து டச்டவுன்களில் நான்கு வில்லியம்ஸின் கையால் வந்தவை. முடிவு 42-10. அன்று அவர் எறிந்து சேர்த்தது 340 கஜம். இறுதிப் போட்டியில் அதுவரை ஒருவரும் செய்யாதது. ஆட்ட நாயகர் விருதும் அவருக்கே கிடைத்தது.

இதை ஒரு மாபெரும் வெற்றி என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிடலாம். ஆனால் நம் மனத்தில் ஒரு கேள்வி நின்றுகொண்டே இருக்கிறது. அன்று வில்லியம்ஸ் தோற்றிருந்தால்? தோல்வி அவருடையதாக மட்டுமா இருந்திருக்கும்? பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே என்று ஓர் இனத்தின் தலையிலேயே அதைக் கட்டியிருப்பார்கள். எல்வே 1987, 1988, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதிப் போட்டியில் தோற்றார். வெள்ளையருக்குத் தலைமை வகிக்கத் தெரியாது என்று யாரேனும் சொன்னார்களா? இல்லை. அவருக்கு மறுபடி மறுபடி தவணை கிடைத்தது. 1998-இலும் 1999-இலும் வென்று புகழோடு ஓய்வு பெற்றார். அப்படித்தான் இருக்க வேண்டும். தோற்றால் தாம் மட்டும் தோற்கும் உரிமை அவருக்கு இருந்தது. வில்லியம்ஸுக்கு அது இல்லை. முறுக்கிய முழங்காலோடு அவர் சுமந்தது பந்தை மட்டும் அன்று.

காயங்களால் 1989-ஆம் ஆண்டுப் பருவத்துடன் அவருடைய ஆட்டம் முடிந்தது. 1998-இல், குரு ராபின்ஸன் அமர்ந்திருந்த ஆசனத்திலேயே கிராம்ப்ளிங்கின் பயிற்சியாளராக அமர்ந்தார்.

2023 பிப்ரவரி 12-இல் நடந்த சூப்பர் பௌலில் முதல் முறையாக இரு பக்கத்துக் குவார்ட்டர்பேக்குகளும் கறுப்பர்: கான்ஸஸ் நகரத்துப் பாட்ரிக் மஹோம்ஸ், பிலடெல்பியாவின் ஜேலன் ஹர்ட்ஸ். யாராவது ஒருவர் தோற்றுத்தானே ஆக வேண்டும்? 38-35 என்ற கணக்கில் ஹர்ட்ஸ் தோற்றார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. அவருடைய இனத்தின் மூளையை ஒருவரும் தராசில் வைக்கவில்லை. வீட்டுக்குப் போனார், பயிற்சி செய்தார், 2025 பிப்ரவரியில் அதே மஹோம்ஸின் அணியை 40-22 என்று வென்றார்.

ஹர்ட்ஸ் இப்படி நிம்மதியாகத் தோற்க முடிந்ததற்காகத்தான், 35 வருஷத்துக்குமுன் ஒருவர் தோற்கவே கூடாத ஓர் ஆட்டத்தை நொண்டிக்கொண்டே ஆடி முடித்தார் என்பது நமது அபிப்பிராயம்.