அடிமனையில் கட்டிய கடை

எங்கள் பக்கத்தில் பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தால் பெரியவர்கள் முதலில் கேட்பது "அடிமனை யாருது?" என்றுதான். நன்னிலம், ஸ்ரீவாஞ்சியம், திருவாரூர் என்று கோயில் உள்ள ஊர்களில் எல்லாம் இது சகஜம். சுவரும் ஓடும் நம்முடையது, கீழே இருக்கிற மண் கோயிலுடையது. வாடகை கட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இருக்கலாம். வாடகை ஏறும்போதோ, காலி செய்யச் சொல்லும்போதோதான் சுவரைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது உறைக்கும்.

இவ்வளவு உஷாரான நம் ஜனங்கள், கடைக்கு வெப்சைட் போடும்போது மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதுதான் என் ஆதங்கம்.

கோடு எழுதத் தெரியாமலே வெப்சைட் கட்டும் வசதி ஒன்றும் புதிதல்ல. விக்ஸ், ஷாப்பிஃபை இரண்டும் 2006-ல் வந்தவை. தஞ்சை மாவட்டத்தில் பிறந்த ஸ்ரீதர் வேம்புவின் நிறுவனம் (அப்போது பெயர் அட்வென்ட்நெட், 2009-ல்தான் ஸோஹோ ஆனது) ஸோஹோ கிரியேட்டரைக் கொண்டுவந்ததும் அதே 2006-ல்தான். லோ-கோட் என்பார்கள். பெட்டிகளை இழுத்து விட வேண்டும், அது போதாத இடத்தில் மட்டும் நாலு வரி எழுத வேண்டும். கிரியேட்டரில் அந்த நாலு வரிக்கு டெலூஜ் என்று ஒரு தனி மொழியே இருக்கிறது.

நான் பி.காம். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனாலும் பாரம்பரிய அரிசி விற்கும் எங்கள் சித்தப்பாவின் கடைக்கு இப்படி ஒரு தளம் கட்டிக் கொடுத்தேன். கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதை அரிசிக் கடையாக மாற்ற ஆனது ஒன்றரை மாதம்!

டெம்ப்ளேட் துணிக்கடைக்காகச் செய்தது. மாப்பிள்ளை சம்பாவுக்குக் கீழே ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் என்று நின்றது. சித்தப்பா பார்த்துவிட்டு, "ஏண்டா, மாப்பிள்ளைக்குச் சட்டை அளவா எடுக்குறே?" என்றார். அளவுகளைக் கிலோவாக மாற்றியது சுலபம். கூரியர் கட்டணம் அப்படி இல்லை. டெம்ப்ளேட்டில் ஒரு ஆர்டருக்கு ஒரே கட்டணம். அரிசிக்கு அது ஆகாது, எடைக்குத் தக்க படிப்படியாக ஏற வேண்டும். ஒரு கிலோ அரிசியைச் சென்னைக்கு அனுப்பினால் சரக்கு விலையில் பெரும்பங்கு கூரியருக்கே போய்விடும். ஆகவே ஐந்து கிலோவுக்குக் குறைந்து ஆர்டர் எடுக்காதபடி பூட்டினோம். சரக்கு தீர்ந்தால் சிவப்பாக 'அவுட் ஆஃப் ஸ்டாக்' என்று வரும். மாப்பிள்ளை சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் பயிர். தீர்ந்தால் அடுத்த அறுவடை வரை இல்லைதானே. அந்த இடத்தில் 'தை அறுவடைக்குப் பிறகு' என்று வரவழைத்தது என் வாழ்நாள் சாதனை. :)

வரிதான் உச்சம். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அதே அரிசி 30 கிலோ ஒரே மூட்டையாக இருந்தால் கிடையாது. டெம்ப்ளேட்டோ 'ஒரு பொருளுக்கு ஒரு வரி' என்றுதான் நினைக்கிறது. எனவே ஒரே அரிசியை இரண்டு பொருளாகப் பிரித்துப் போட்டோம். இன்னொன்று: வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பெங்களூருக்கு ஒரு ஐந்து கிலோ பை போனாலே போதும். இதையெல்லாம் எந்த விளம்பரமும் சொல்லாது. இங்கே தேவைப்படுவது புரோகிராமர் இல்லை, கணக்குப்பிள்ளை. நம் வகுப்பில் "எனக்குக் கோடிங் வராது" என்று ஒதுங்குகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சரி, அடிமனைக்கு வருவோம்.

இந்த ஒன்றரை மாத உழைப்பு எங்கே நிற்கிறது? யாரோ ஒருவரின் சர்வரில். கூகுள் 2017-ல் கடைக்காரர்களுக்கு இலவசமாக ஒரு பக்க வெப்சைட் கொடுத்தது. விசிட்டிங் கார்டு, பை, போர்டு எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் உண்டு. 2024 மார்ச்சில் அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்களைக் கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள், அதற்குப் பிறகு அதுவும் இல்லை. யாஹூ 2009-ல் ஜியோசிட்டீஸை மூடியபோதும் இதே கதைதான் (ஜப்பான் கிளை மட்டும் 2019 வரை ஓடியது). "வெப்சைட் எதுக்குப்பா, நமக்கு ஃபாலோயர் இருக்காங்க" என்பவர்கள் 2020 ஜூன் 29-ஐ நினைத்துப் பார்க்கட்டும். டிக்டாக் தடை வந்த நாள். அதை நம்பி வியாபாரம் செய்தவர்களின் வாடிக்கையாளர் கூட்டம் ஒரே ராத்திரியில் கலைந்தது.

அதற்காக எல்லாரும் சொந்த சர்வர் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. அரிசிக் கடைக்காரர் சர்வர் பராமரித்தால் அரிசியை யார் பார்ப்பது? வேர்ட்பிரஸ்ஸில் கட்டினால் மொத்தத்தையும் மூட்டை கட்டி வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அப்டேட், பேக்கப், ஹேக்கர் தொல்லை எல்லாம் நம் தலையில். ஷாப்பிஃபையில் பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் பட்டியல்களை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், கடையின் அலங்காரம் அங்கேயே தங்கிவிடும். விக்ஸில் கட்டிய தளத்தை வேறு சர்வருக்கு மாற்ற முடியாது என்று அவர்களே உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் எதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். வாடகைக்குப் போகிறவன் வெளியே வரும் வழியையும் பார்த்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவே.

என்னைப் பொறுத்தவரை டொமைன் பெயரில் மட்டும் சமரசமே கூடாது. தளத்தை எங்கே மாற்றினாலும் டொமைன் நம்மிடம் இருந்தால் வாடிக்கையாளர் பழைய முகவரியிலேயே வந்து சேருவார். சித்தப்பாவுக்கு முன்பே ஒரு வெப்சைட் இருந்தது. செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில், தன் மெயிலில் பதிந்துகொண்டார். அடுத்த வருடம் போன் எடுக்கவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம் என்றால் அதற்கான ரகசியக் குறியீடு பதிவு செய்தவருக்குத்தான் கிடைக்கும். கடைப் பெயர் போர்டில் சித்தப்பாவுடையது, இன்டர்நெட்டில் இன்னொருத்தருடையது! புதுப் பெயரில் மறுபடி ஆரம்பித்தோம்.

இந்தத் தடவை டொமைன் அவருடைய மெயிலில், அவருடைய போன் நம்பரில் இருக்கிறது. மாதம் முதல் தேதி ஆர்டர் பட்டியலை இறக்கி பென்டிரைவில் போட்டு, வீட்டுப் பத்திரம் இருக்கிற அதே பீரோவில் வைக்கிறார். பென்டிரைவை எதற்கு வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கிறார் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.