யூகிப்பது வெட்டி வேலையா?

"ஒரு டிவி தொடருக்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா? வெட்டி வேலை சார்" என்று ஒருவர் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

2016இல் வந்த 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் என்ற சாதுவான இளைஞனும் கறுப்பு உடைக் கொடியவனும் ஒரே ஆள்தான், நடுவில் 30 வருடம் ஓடிவிட்டது என்பது பத்தாவது எபிசோடில்தான் வெளிப்பட்டது. ரசிகர்களோ பல வாரம் முன்பே பிடித்துவிட்டார்கள். எப்படி? பூங்காவின் சின்னம் இரண்டு விதமாக வருவதைக் கவனித்தார்கள். ஒருவர் யூகம் சொன்னார், இன்னொருவர் ஆதாரம் கேட்டார், பொருந்தாததைத் தள்ளினார்கள்.

உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை என்று கரும்பலகையில் நாம் எழுதிப்போட்டது இதைத்தானே? எழுதிப்போட்டதோடு சரி. நோட்ஸில் இல்லாத விடையை நானே சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முன்பே யூகித்தால் சுவை போய்விடுமாம். தன் விடை சரியா என்று பார்க்கக் காத்திருப்பவனுக்குத்தான் சுவை அதிகம்.

தப்பான யூகத்துக்கு யாரும் சிரிக்காத இடத்தில்தான் பிள்ளை வாய் திறக்கும். அந்த இடம் வகுப்பறையாக இருந்திருக்க வேண்டும். வெட்டி வேலை என்று எதையாவது சொல்லியே தீரவேண்டுமென்றால், நாங்கள் வாங்கிக் குவித்த மனப்பாட விடைகளைச் சொல்லுங்கள்.