உயரத்துக்கா, பாரத்துக்கா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதையில் சனி, ஞாயிறானால் உயர்த்திய தார் வண்டிகள்தான். கூரையில் கூடாரம், முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும், பின்னால் தண்ணீர் கேன்கள். "மொத்தம் எவ்வளவு எடை, தம்பி?" என்றால் விழிக்கிறார்கள். "ரெண்டு இஞ்ச் தூக்கியிருக்கு சார்" என்பது மட்டும் உடனே வருகிறது.

இது தலைகீழ்க் கணக்கு. பாரத்தைப் பார்த்துத்தான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உயரமெல்லாம் அதற்குப் பிறகு. பாரத்துக்குப் போதாத ஸ்பிரிங் அமுங்கி, குழிதோறும் அடி தட்டும். எப்போதோ ஏற்றும் 300 கிலோவை நினைத்துக் கடினமான ஸ்பிரிங் போட்டால், வெறும் வண்டி துள்ளும். துள்ளும் சக்கரம் தரையைப் பிடிக்காது.

கல்லில் அடிபடாமலிருக்க உயரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் வண்டியும் உயரம், கூரையிலும் பாரம் என்றால் கொண்டை ஊசி வளைவில் கவிழ அதுவே போதும். பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் சொல்கிறது.

பழைய ஜீப்புக்குக் கமான் பட்டை கூட்டும் மெக்கானிக் முதலில் கேட்பதே, "என்ன ஏத்துவீங்க?" என்றுதான். அந்தக் கேள்வியை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். சாமான்களோடு எடை மேடையில் ஏற்றி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். வரம்பு தாண்டியிருந்தால் சாமானை இறக்குங்கள். எந்த ஸ்பிரிங்கும் அந்த வரம்பைக் கூட்டித் தராது. அச்சும் பிரேக்கும் பழையவைதானே!